கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்

பை இடிக்குதாம்மா? இடிச்சா சொல்லிரு. கீழ வைக்க மனசு வரலை. உள்ள ஒரு கம்பளிக் கோட்டு இருக்கு. சித்திரை வெயில்ல, மதுரையிலேர்ந்து கோவில்பட்டி போற பஸ்ல, கம்பளிக் கோட்டை மடியில வச்சுக்கிட்டு ஒரு பொம்பளை உக்காந்திருந்தா, ஒண்ணு அவளுக்குக் கிறுக்கு இருக்கணும், இல்லை ஒரு கதை இருக்கணும். எனக்கு இருக்கிறது கதைதான். பயப்படாம உக்காரு.

நீயும் கோவில்பட்டிதானே?

பார்த்தியா, பார்த்தியா! தலையை ஒரு ஆட்டு ஆட்டினே பாரு. மேலயும் கீழயும் இல்லாம, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லாம, நடுவுல ஒரு தினுசா, விளக்குச் சுடர் காத்துல அசையற மாதிரி. ஆமான்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். ஏன்னா நானும் இந்த ஊர்க்காரி. ஒரு ஜப்பான்காரர் பக்கத்துல உக்காந்திருந்தா, இந்தப் பொண்ணு ஆமாங்குதா இல்லைங்குதான்னு நாகர்கோவில் வரைக்கும் யோசிச்சுக்கிட்டே போயிருப்பார். இந்த ஆட்டத்தை நிறுத்துறதுதான் என் வேலை. அதுக்குச் சம்பளமே குடுக்கிறாங்க.

நான் ஜப்பான் பாஷை வாத்தியார். ஏன் அப்படிப் பார்க்கிறே? காட்டன் சேலையும் கால்வெடிப்புமா இருக்கிறவளுக்கு ஜப்பான் பாஷை தெரியக் கூடாதா? காளவாசல்ல, பெயிண்ட் கடைக்கு மேல மாடியில ஒரு பயிற்சி நிலையம் இருக்கு. நர்சிங் முடிச்ச பிள்ளைங்களுக்கு ஜப்பான் பாஷை சொல்லிக்குடுத்து, அங்க இருக்கிற முதியோர் இல்லங்களுக்கு வேலைக்கு அனுப்புவாங்க. எழுத்து, இலக்கணமெல்லாம் இன்னொரு சார் நடத்துறார். எனக்குக் குடுத்தது பேசாத பாடம். வாய் மூடியிருக்கும்போது உடம்பு என்ன பேசுது, அதை எப்படிப் படிக்கிறது, அந்தப் பாடம். எப்படிக் குனியறது, கண்ணை எங்க வைக்கிறது, கையை எங்க வைக்கிறது, எப்ப சும்மா இருக்கிறது. அமைதியா இருக்கிறது எப்படின்னு ஒரு காலைப்பொழுது முழுக்க நான் மூச்சு விடாமப் பேசுவேன்.

வாத்தியாரை அங்க சென்செய்னு கூப்பிடுவாங்க. என் பிள்ளைங்களும் என்னை வடிவு சென்செய்ம்பாங்க. எங்கம்மா வச்ச வடிவாம்பாளுக்கு வந்த வாழ்வைப் பாரு.

உன்னையும் பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே பார்த்துக்கிட்டுதான் வரேன். சீட்டு நுனியிலதான் உக்காந்திருக்கே. சாயவே இல்லை. பையை ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சிருக்கே. ஜப்பான்ல பெரியவங்க பக்கத்துல இப்படித்தான் உக்காருவாங்க. சாஞ்சா மரியாதை இல்லை. என் பிள்ளைங்களுக்கு இது வர்றதுக்குள்ள எனக்குத் தொண்டைத்தண்ணி வத்திப்போகும். உனக்கு இயல்பாவே வருது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு நீ கேக்கணும். கேக்கலை. பரவாயில்லை, நானே சொல்றேன்.

எங்க வீட்டுக்காரருக்கு நகோயாவுல வேலை. நகோயான்னா ஜப்பான்ல ஒரு பெரிய ஊர். கல்யாணம் ஆன கையோட கூட்டிட்டுப் போயிட்டார். காலையில கம்பெனிக்குப் போனா இருட்டினப்புறம்தான் வருவார். வீட்ல நானும் ஒரு ஜன்னலும். பக்கத்து வீட்ல ஹயாஷின்னு ஒரு வயசான அம்மா. அந்தம்மாவும் தனி. சாயங்காலமானா வந்து கதவைத் தட்டும். உக்காந்து பேசும், பேசும், அப்படிப் பேசும். எனக்கு ஒரு எழுத்துப் புரியாது. அந்தம்மா எங்கெல்லாம் மூச்சு வாங்குதோ அங்கெல்லாம் நான் தலையை மேலயும் கீழயும் ஆட்டி 'ஹை'ம்பேன். ஹைன்னா ஆமான்னு புஸ்தகத்துல போட்டிருந்துச்சு. அப்படியே ஒரு வருஷம் ஓடிப்போச்சு. ஒருநாள் அந்தம்மா என் கையைப் பிடிச்சு என்னமோ சொல்லுச்சு. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. நான் வழக்கம்போல ஹைன்னேன். அன்னிக்குச் சீக்கிரம் வந்த எங்க வீட்டுக்காரர் வாசல்ல நின்னு கேட்டுட்டார். அந்தம்மா போனப்புறம் சொல்றார், 'உன்னை மாதிரி என்னைப் புரிஞ்சுக்கிட்டவங்க இந்த உலகத்துலயே இல்லைன்னு சொல்லிட்டுப் போகுது'ன்னு. சிரிச்சுச் சிரிச்சு அவருக்குப் புரையேறிப்போச்சு. எனக்குச் சிரிப்பு வரலை.

என்னம்மா, போன் அடிக்குதா? எடுக்காமலேயே நிறுத்திட்டியே! அதுதான் அழகு. ஜப்பான்ல பஸ்ல ரயில்ல யாரும் போன் பேசமாட்டாங்க. பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தொந்தரவு பாரு. என்ன சொல்ல வந்தே? இரு, இதை முடிச்சுக்கிறேன், அப்புறம் நீ சொல்லு.

சண்முகக்கனின்னு ஒரு பிள்ளை. அவதான் கதை. ஊர் கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரி. போன ஆடியில வந்து சேர்ந்தா. அவ பேசினா வாய் கடைசியாத்தான் பேசும். முதல்ல புருவம் பேசும், அப்புறம் கை பேசும், அப்புறம் தோள். தலை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. இவளைத் திருத்திட்டா நான் சென்செய்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

தலையாட்டத்தை நிறுத்த நான் ஒரு பயிற்சி வச்சிருக்கேன். தலையில எவர்சில்வர் டம்ளரை வச்சு, அதுல தண்ணி ஊத்தி, 'சாப்பிட்டியா, தூங்கினியா, ஊருக்குப் போறியா'ன்னு வரிசையாக் கேப்பேன். தலை அசையாம வாயால பதில் சொல்லணும். தண்ணி சிந்தினா தோத்துட்டா. மத்த பிள்ளைங்கல்லாம் கொஞ்ச நாள்ல சரியாயிட்டாங்க. கனி மட்டும் தினமும் ஈரத்தலையோடதான் வீட்டுக்குப் போவா. 'சென்செய், இன்னிக்கு எண்ணெய் தேய்ச்சுட்டு வந்திருக்கேன், நல்லா ஊத்திவிடுங்க'ம்பா. வாய்க்கொழுப்பு. ஆனா அவளைத்தான் எனக்குப் பிடிச்சுது. ஒருநாள் ஆடாம நின்னுட்டா. என்ன கேட்டும் டம்ளர் அசையலை. 'இனிமே என் தலை உங்க தலை சென்செய்'ன்னா. வகுப்பே கைதட்டுச்சு.

அப்புறம்தான் பெரிய பாடம். ஹை பாடம். அங்க ஒருத்தர் பேசும்போது எதிர்ல இருக்கிறவங்க சும்மா இருக்கக் கூடாது. தலையை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டு ஹை, ஹைன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அதை ஆமான்னு எடுத்துக்கக் கூடாது. சம்மதம்னும் எடுத்துக்கக் கூடாது. கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு குண்டுமணி அர்த்தம் கிடையாது. இது தெரியாம எத்தனை பேர் அங்க ஏமாந்து போறாங்க தெரியுமா? 'அவர் தலையாட்டினாரே, ஹைன்னாரே'ம்பாங்க. அவர் கேட்டுக்கிட்டிருந்தார், அவ்வளவுதானே?

கனி கையைத் தூக்கினா. 'சென்செய், கதைக்கு ஊம் கொட்டுற மாதிரியா?'

'அதேதான்டி.'

'எங்கப்பா பேசும்போது எங்கம்மா அடுப்படியிலேர்ந்து கொட்டுவாங்களே, அந்த ஊம்மா?'

'அதே ஊம்.'

'அப்ப எங்கம்மாவுக்கு ஏற்கெனவே ஜப்பான் பாஷை தெரியும் சென்செய்.'

சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாச்சு. நீயும் சிரிக்கிறியே. இல்லையா? உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறே. விருதுநகர் தாண்டியாச்சும்மா. கோவில்பட்டிக்கு இன்னும் நேரம் இருக்கு. நிம்மதியா உக்காரு.

அப்புறம் மாட்டேன்ங்கிற பாடம். அங்க யாரும் மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்லமாட்டாங்க. கழுத்தைக் கொஞ்சம் சாச்சு, பல்லுக்கு நடுவுல ஸ்ஸ்ஸ்ன்னு காத்தை இழுத்து, 'அது கொஞ்சம்…'ன்னு நிறுத்திருவாங்க. கொஞ்சம் என்னன்னு நாம காத்துக்கிட்டிருப்போம். கொஞ்சமும் இல்லை, நிறையவும் இல்லை. கதவைச் சாத்தியாச்சு, அவ்வளவுதான். அதைப் பார்த்து நாமளே எழுந்து வந்துடணும். அதேபோல சிரிப்பு. தாங்க முடியாத துக்கத்தைச் சொல்லும்போதும் சிரிப்பாங்க, மத்தவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு.

'அப்ப ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு எப்படித்தான் சென்செய் தெரிஞ்சுக்கிறது?'ன்னா கனி.

'பார்க்கணும்டி. நாம பேசுறதை நிறுத்திட்டு, எதிர்ல இருக்கிறவங்களைப் பார்க்கணும். உடம்பு பொய் சொல்லாது.'

அவ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் மெதுவா, 'ஹை, சென்செய்'ன்னா. எவ்வளவு நல்லா உள்ள வாங்கிக்கிட்டா பாரு.

அப்பதான் முடிவு பண்ணினேன், இவளைத்தான் நகோயாவுக்கு அனுப்பணும்னு. வேலை குடுக்கிற இல்லம் ஒண்ணு நாங்க இருந்த தெருவுக்குப் பக்கத்துலயே இருக்கு. ஹயாஷி அம்மா வீட்டு வாசல்ல ஒரு பழமரம் உண்டு. குளிர் காலத்துல இலையெல்லாம் கொட்டிப்போயி, பழம் மட்டும் செக்கச்செவேல்னு கிளையில நிக்கும், யாரும் பறிக்க மாட்டாங்க. நாங்க திரும்பி வந்தப்ப அந்த மரத்துகிட்டகூடச் சொல்லிக்கலை. ராத்திரியோட ராத்திரியாக் கிளம்பிட்டோம். எங்க வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டார். நான் இனிமே எங்க போகப் போறேன்? 'நீ போனா அந்த மரம் இருக்கான்னு பார்த்து எனக்குச் சொல்லணும்'னேன் கனிகிட்ட. 'ஹை, சென்செய்.' 'அந்த ஆத்துப் பாலத்துல எனக்காக ஒரு தடவை நடக்கணும்.' 'ஹை.' 'அங்க குளிருக்கு நம்ம சுவெட்டர் தாங்காது, இந்தக் கோட்டைப் போட்டுக்கோ.' 'ஹை.'

இதோ, இந்தக் கோட்டுதான். போட்டுப் பார்த்தா, தோளெல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு சலவைக்குப் போட்டு, மடிச்சு, கவர்ல வச்சு, ரெண்டு கையாலயும் என்கிட்டயே கொண்டுவந்து குடுக்கிறா. 'உங்ககிட்டயே இருக்கட்டும் சென்செய், எங்க வீட்ல பூச்சி அரிச்சுரும்'ன்னு. 'சரி, கிளம்பும்போது குடுக்கிறேன்'னேன். குனிஞ்சா. என்ன பொறுப்பு பாரு! என் மகன்கூட என் பொருளை அப்படிப் பார்த்துக்கிட்டதில்லை.

பொறுப்புன்னா இன்னொண்ணும் சொல்றேன். எங்க பயிற்சி நிலையத்துல தண்ணி மோட்டார் கருகிப்போச்சு. சின்ன மோட்டார், அரை ஹெச்பி. கனிதான் ஒரு பையனுக்குப் போன் போட்டு வரவழைச்சா. அய்யாத்துரைன்னு பேரு. கோவில்பட்டியில மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கான். தூரத்துச் சொந்தமாம். அரை ஹெச்பி மோட்டாருக்கு கோவில்பட்டியிலேர்ந்து மதுரை வரைக்கும் பஸ் ஏறி வந்திருக்கான்! மதுரையில ஆளா இல்லை? ஆனா கூலி வாங்கிக்கலை. அவளுக்கு எவ்வளவு சிக்கன புத்தி பாரு. மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் வராந்தாவுல நின்னு எங்க வகுப்பையே பார்த்துக்கிட்டிருந்தான். படிப்புல ஆர்வம் போல. அன்னிக்குக் கனி குனியும்போது தப்புத் தப்பாக் குனிஞ்சா. அப்புறம் வாயைக் கையால மூடிக்கிட்டுச் சிரிச்சா. ஜப்பான் பொண்ணுங்க அப்படித்தான் சிரிப்பாங்க, நான்தான் சொல்லிக்குடுத்தேன். அந்த மோட்டார் அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை கெட்டுப்போச்சு. ஒவ்வொரு தடவையும் அவன்தான் வந்தான். வேலை அவ்வளவு சுத்தம் இல்லை.

அட, ஏம்மா எந்திரிக்கிறே? வெயில் மூஞ்சியில அடிக்குதா? இரு, நான் கண்ணாடியை இழுத்துவிடுறேன். உக்காரு, உக்காரு. வண்டி ஓடும்போது எந்திரிக்கக் கூடாது.

தை பொறந்து மொரிதா சார் வந்தார். நகோயா இல்லத்தோட பெரிய அதிகாரி. ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டுப் பேசினார். நான் பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். மத்த பிள்ளைங்க எல்லாம் சுமார்தான். ஒருத்தி வெடவெடன்னு நடுங்கினா. கனி வந்தா. வாசல்ல நின்னு குனிஞ்சா, அளந்து வச்ச மாதிரி. நாற்காலி நுனியில உக்காந்தா, உன்னை மாதிரியே. மொரிதா சார் கேட்டார், 'அஞ்சு வருஷம் வீட்டை விட்டு எங்க ஊர்ல வந்து இருப்பீங்களா?'

கனி என்ன பண்ணினா தெரியுமா? கழுத்தை லேசாச் சாச்சா. பல்லுக்கு நடுவுல ஸ்ஸ்ஸ்ன்னு காத்தை இழுத்தா. ஜப்பான் பாஷையில, 'அது கொஞ்சம்…'ன்னு இழுத்து, அந்த இடத்துல கச்சிதமா நிறுத்தினா. ஆகா! நகோயாவுல பொறந்து வளர்ந்தவகூட அப்படி நிறுத்தமாட்டா. நான் எந்திரிச்சுக் கைதட்டாத குறை. மொரிதா சார் எழுந்து ஆழமாக் குனிஞ்சார். வெளிய வந்து என்கிட்ட சொல்றார், 'தன் மனசை இவ்வளவு தெளிவாச் சொன்ன பொண்ணை நான் இந்தியாவுல பார்த்ததில்லை'ன்னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஆனா எடுத்தவங்க பேரை வாசிச்சப்ப அவ பேரை வாசிக்கலை. ஏதோ கை தவறி விட்டுப்போச்சு. நான் விடுவேனா? மொரிதா சாருக்கே போன் போட்டேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம், 'ஒரு இடம் வச்சிருக்கேன். அந்தப் பொண்ணே வாயைத் தொறந்து வரேன்னு சொன்னா எடுத்துக்கிறோம்'ன்னார். கனிகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். 'ஹை, சென்செய்'ன்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. சந்தோஷம்.

இந்தக் கண்டக்டர் ஏன் இப்படிக் கத்துறார்? நம்ம சீட்டைப் பார்த்துப் பார்த்து, ஆர்.ஆர். நகர், ஆர்.ஆர். நகர்னு? ஒருத்தர் பேசிக்கிட்டிருக்கும்போது கொஞ்சம் மெதுவாக் கத்தினா என்னவாம்? நீ காதுல வாங்காதே. இங்க பாரு, இப்பதான் கதையோட முடிச்சு.

போன வாரம் கனிகிட்டேர்ந்து போன். 'சென்செய், வர வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயம். வீட்லயேதான். நீங்க முன்வரிசையில உக்காரணும்.'

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. 'மாப்பிள்ளை யாருடி?'

'உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். நம்ம மோட்டாரைச் சரி பண்ணினாங்களே.'

'காயில் கட்டுறவனா?'

'ஹை.'

'நீ சம்மதம்னு சொன்னியா?'

'வீட்டுக்கு வந்திருந்தாங்க சென்செய். எல்லார் முன்னாடியும் அப்பா கேட்டாங்க. நான் தலையாட்டிட்டேன்.'

'எப்படி ஆட்டினே? எந்த ஆட்டு?'

'நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான்'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அப்படிச் சிரிச்சா.

எனக்கு அங்கேயே புரிஞ்சுபோச்சு. அந்தப் பிள்ளை பாவம், கேட்டுக்கிட்டிருக்கேன்னு தலையை ஆட்டியிருக்கு. மேலயும் கீழயும், என் வகுப்புல பழகின பழக்கம். அந்தச் சனங்க சம்மதம்னு எடுத்துக்கிட்டு வெத்தலை பாக்கு வாங்கிட்டாங்க. பழைய மாதிரி பக்கவாட்டுல ஆட்டியிருந்தாலாவது கொஞ்சம் யோசிச்சிருப்பாங்க. நான்தானே டம்ளரை வச்சு நிறுத்தினேன்! அப்புறம் அந்தச் சிரிப்பு. தாங்க முடியாத துக்கத்துல வர்ற சிரிப்பு. முன்வரிசையில உக்காரணும்னா என்ன அர்த்தம்? வந்து காப்பாத்துங்கன்னு அர்த்தம். வாயால சொல்வாளா? நான் வளர்த்த பிள்ளையாச்சே.

அதான் போறேன். இன்னிக்குத்தான் நிச்சயம். தட்டு மாத்துறதுக்குள்ள போயிரணும். சபையில எந்திரிச்சு நிக்கப் போறேன். 'பெரியவங்க மன்னிக்கணும், இவ ஆட்டினது நம்ம தலையாட்டு இல்லை, இதுக்குச் சம்மதம்னு அர்த்தம் கிடையாது'ன்னு சொல்லப் போறேன். அவ கண்ணீரோட என்னைப் பார்ப்பா. இந்தக் கோட்டை அவ தோள்ல போடுவேன். அங்கேயே மொரிதா சாருக்குப் போனைப் போட்டுக் குடுப்பேன்.

நான் பண்றது சரிதானே? நீயே சொல்லு. திருமங்கலத்துலேர்ந்து தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கிட்டு வரியே, உன்னை மாதிரி என்னைப் புரிஞ்சுக்கிட்டவங்க யாரு? சொல்லும்மா.

என்னது?

அட! கழுத்தைச் சாய்க்கிறே. காத்தை இழுக்கிறே. 'அது கொஞ்சம்…'னு இழுத்து நிறுத்துறே! இவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டியா? பிரமாதம்! நீ எங்க நிலையத்துல சேர்ந்தா…

இரு. எதுக்கு இழுத்தே?

ஆர்.ஆர். நகரா? நீ ஆர்.ஆர். நகர்ல இறங்கணுமா? அது போயி எவ்வளவு நேரமாச்சு! சாத்தூரே வந்துருச்சும்மா. கோவில்பட்டியான்னு கேட்டப்ப தலையாட்டினியே?

அது இல்லைங்கிற ஆட்டா?

அக்கா பிள்ளைக்குக் காதுகுத்தா? தோடு உன் பையிலயா? ஐயையோ, ஆசாரி வந்து உக்காந்துட்டாரா? அதான் அந்தப் போனா? அதான் பையை அப்படிக் கட்டிப் பிடிச்சிருந்தியா? சீட்டு நுனியில உக்காந்திருந்தது… எந்திரிச்சது…

வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பாப்பா!

சொன்னியா? எப்ப? விருதுநகர்லயா? அதுக்கப்புறமுமா?

தம்பி, கண்டக்டர் தம்பி! நிறுத்துங்க, நிறுத்துங்க. ரெண்டு பேர் இறங்கணும். ஆமா, நானும்தான். கோவில்பட்டி டிக்கெட்தான், இருக்கட்டும். பையைப் பிடிம்மா. பார்த்து இறங்கு.

இந்த நிழல்ல நில்லு. திரும்பிப் போற வண்டி இங்கதான் நிக்கும். அக்காவுக்குப் போனைப் போடு. குடு, நான் பேசுறேன். இல்லை, வேண்டாம். நீயே பேசு. நான் பேசலை.

என்ன சொன்னாங்க? குழந்தை தூங்கிருச்சா? நல்லதாப்போச்சு. தூங்கி எந்திரிச்சா அழாது.

ஏம்மா, அப்ப நீ தலையாட்டிக்கிட்டு வந்தது எல்லாம்…

சரி, விடு.

ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா? அந்த ஹயாஷி அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ, எனக்கு ஒண்ணும் புரியலைன்னு? தெரிஞ்சுதான் தினமும் வந்துச்சோ? நீ பதில் சொல்ல வேண்டாம். நான் சும்மா கேட்டேன்.

வண்டி வரக் காணோம். சாத்தூர் வெயிலே தனி வெயில்.

அரை ஹெச்பி மோட்டாருக்கு, கோவில்பட்டியிலேர்ந்து மதுரை வரைக்கும் வந்தான். மதுரையில ஆளா இல்லை?

ஆளா இல்லை…

அந்த மோட்டார் ஏன் திரும்பத் திரும்பக் கெட்டுப்போச்சுன்னு இப்ப யோசிச்சுப் பார்க்கிறேன். நீ ஏன் வாயைக் கையால மூடிக்கிறே? நான் உனக்கு அதைச் சொல்லிக்குடுக்கவே இல்லையே.

கோட்டைச் சலவை பண்ணித் திருப்பிக் குடுத்தாளே, அப்ப அவ முகத்தை நான் பார்க்கலைம்மா. கவரைப் பிரிச்சு, கறை கிறை இருக்கான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

இதோ, உன் வண்டி. ஏறு, ஏறு. ஆர்.ஆர். நகர் நிக்கும்ல தம்பி? நிக்கும்ங்கிறார். ஜன்னலோரம் உக்காராதே, எவளாவது பக்கத்துல வந்து உக்காந்துருவா. 

நானா? எனக்கு என்ன அவசரம்? அடுத்த வண்டியில போறேன். அதுக்கு அடுத்தது வந்தாலும் சரிதான். சாத்தூர்ல இறங்கிட்டுச் சேவு வாங்காமப் போறதா? கனிக்குக் காரச்சேவு உயிர். நான் போறதுக்குள்ள தட்டு மாத்தியிருப்பாங்க. மாத்தட்டும். முன்வரிசையில எதுக்கு, ஒரு ஓரமா உக்காந்து அவளைப் பார்த்துட்டு, சாப்பிட்டுட்டு வரேன். கோட்டா? அது என்கிட்டயே இருக்கட்டும். மார்கழியில மதுரையே குளிருது எனக்கு.

யாராவது வந்து, 'டீச்சர், பொருத்தம் எப்படி'ன்னு கேட்டா? வாயே தொறக்கமாட்டேன். தலையை மட்டும் ஆட்டுவேன். எந்த ஆட்டா? இதோ, இங்க பாரு, ஜன்னல் வழியா எட்டி நல்லாப் பாரு. இந்த ஆட்டுதான். டம்ளர் இருந்திருந்தா தண்ணி பூரா என் தலையில கொட்டியிருக்கும்.